ஓர் எழுத்துக்குப் பஞ்சமா?

ரிச்சி தெருவில் ஒரு பையனை நான் திருடன் என்று சொல்லிவிட்டேன். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது. இந்தக் கட்டுரையில் இனி சிலர்மீது நான் குற்றம் சாட்டப்போகிறேன். அப்போது அவர்கள், "நீர் ஏற்கெனவே ஒரு முறை ஆள் தவறிப் பழி சொன்னவர்தானே?" என்று என்னை மடக்க இடம் வைக்கக் கூடாது.

நடந்தது இது. என் நண்பர் ஒருவர், தபால் இலாகாவில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர், இருபது வருஷங்களாக ஒரு பித்துப் பிடித்து அலைகிறார். பழைய நாடகப் பாட்டு இசைத்தட்டுக்கள், கல்யாண வீடுகளில் பிடித்த நாகசுர ஒலிநாடாக்கள், திருவிழாக்களில் யாரோ பதிவு செய்து பரணில் போட்டு மறந்துவிட்ட காஸெட்டுகள், இவற்றையெல்லாம் தேடிப் பிடித்துக் கம்ப்யூட்டரில் ஏற்றி வைப்பதுதான் அந்தப் பித்து. இவை நாலைந்து பழைய டிஸ்குகளில் சிதறிக் கிடந்தன. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சேர்த்து, வெளியூரில் இருக்கும் மகனிடம் ஒரு பிரதி கொடுத்துவைக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. கம்ப்யூட்டர் திரை காட்டிய கணக்கைக் கூட்டிப் பார்த்தார், 948 ஜி.பி. வந்தது. "ஆயிரத்துக்குள் அடங்கிவிடும். நீங்கள் மவுண்ட் ரோடு பக்கம் போகும்போது எனக்கு ஒரு டி.பி. வாங்கி வாருங்கள்" என்றார்.

என் தலைமுறைக்காரர்களிடம் 'டி.பி. வாங்கி வா' என்றால் மனிதன் திடுக்கிட்டுப் போவான். எங்கள் காலத்தில் டி.பி. என்றால் தாம்பரம் ஆஸ்பத்திரி. இப்போது அது டெராபைட், ஆயிரம் ஜி.பி. சரி, காலம் மாறிவிட்டது. போய் வாங்கினேன். பெட்டியின் மேல் '1 டி.பி.' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. நண்பர் வீட்டில் அதைச் சொருகிப் பார்த்தால், மொத்தக் கொள்ளளவு 931 ஜி.பி. என்றது கம்ப்யூட்டர். இன்னும் ஒரு பாட்டுக்கூட உள்ளே போகவில்லை. அதற்குள் 69 ஜி.பி.யைக் காணோம்!

மறுநாள் கடைக்குப் போய்ச் சத்தம் போட்டேன். கல்லாவில் இருந்த பையனுக்கு இருபது வயது இருக்கும். "சார், ஃபார்மட் பண்ணினா கொஞ்சம் போயிடும் சார். எல்லா டிஸ்க்கும் அப்படித்தான்" என்றான். "நூற்றுக்கு ஏழு போனால் அது கொஞ்சமா? ஒரு கிலோ சர்க்கரை வாங்கினால் 931 கிராம் நிறுத்துக் கொடுப்பாயா? திருட்டுத்தனம்!" என்றேன். கடையில் இருந்த நாலு பேர் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர்கள் முகத்தில் ஓர் ஆமோதிப்பு இருந்ததாக அப்போது எனக்குப் பட்டது. வெற்றி வீரனாக வீடு திரும்பினேன்.

என் கர்வத்தை உடைத்தவள் மாடி வீட்டுப் பெண். எஞ்சினீயரிங் படிக்கிறாள். "தாத்தா, நீங்கள் ஒரே வரியில் இருக்கிற இரண்டு எண்களில் ஒன்றை மட்டும் படித்திருக்கிறீர்கள்" என்றாள். என்னோடு நண்பர் வீட்டுக்கு வந்து, டிஸ்கின் விவரப் பலகையைத் திறந்து காட்டினாள். கொள்ளளவு என்ற இடத்தில் இடது பக்கம் பைட் கணக்கு நீளமாக இருந்தது. எண்ணிப் பார்த்தேன்: ஒரு லட்சம் கோடிக்கும் சற்றே அதிகம். அதே வரியில் வலது பக்கம், 931 ஜி.பி. டெரா என்றால் லட்சம் கோடிதான். பெட்டிக்காரன் சொன்ன சரக்கு ஒரு பைட் குறையாமல், ஒரு கைப்பிடி கூடவே, உள்ளே இருக்கிறது. எதுவும் காணாமல் போகவில்லை. அளந்த படிதான் வேறு.

அதாவது, பெட்டிக்காரன் நூறு கோடி பைட்டை ஒரு ஜி.பி. என்கிறான். கம்ப்யூட்டர் திரையோ 107 கோடியே 37 லட்சத்து 41 ஆயிரத்து 824 பைட்டை ஒரு ஜி.பி. என்கிறது. லட்சம் கோடியை இந்தப் பெரிய படியால் அளந்தால் 931 படிதான் தேறும். ஃபார்மட் செய்வதால் போவதும் உண்டு; எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று எழுதிவைக்கும் பேரேட்டுக்குக் கொஞ்சம் இடம் வேண்டும். அது வீட்டில் சாவி மாட்டும் ஆணி அளவு இடம். 69 ஜி.பி.க்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அந்தப் பையன் சொன்னது பொய். ஆனால் அது அவனுடைய பொய் அல்ல. அவனுக்கு முன்னால் அந்தக் கல்லாவில் உட்கார்ந்தவன் அவனுக்குச் சொல்லிக்கொடுத்த பொய். உலகம் முழுவதும் கடைக்காரர்கள் இதையே சொல்லி, வாங்குகிறவர்களும் தலையாட்டி, இப்போது அது ஒரு சாஸ்திரம் போலவே ஆகிவிட்டது.

அந்த விசித்திரமான எண் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். 1024-ஐ மூன்று முறை பெருக்கினால் வருமாம். 1024 எதற்கு? கம்ப்யூட்டரின் ஞாபக சக்தி, அதாவது மெமரி, ஒரு பெரிய தெரு. அதில் ஒரு வீட்டைக் கூப்பிட வேண்டுமானால் கம்பிகள் மூலம் விலாசம் போக வேண்டும். ஒவ்வொரு கம்பிக்கும் 'உண்டு', 'இல்லை' என்ற இரண்டு வார்த்தைகள்தாம் தெரியும். ஒரு கம்பி இருந்தால் இரண்டு வீடுகளுக்கு விலாசம் சொல்லலாம். இரண்டு கம்பிக்கு நான்கு. மூன்று கம்பிக்கு எட்டு. இப்படி இரட்டித்துக்கொண்டே போனால் பத்தாவது கம்பியில் 1024. ஆகவே மெமரி செய்கிறவனுக்கு 1024 என்பது இயற்கையான எண். அதில் சூது இல்லை.

டிஸ்கின் பிறவி வேறு. அது சுழலும் தட்டு; தட்டில் எத்தனை துண்டுகள் கொள்ளுமோ அத்தனை. அங்கே இரட்டிப்புக்கு அவசியம் இல்லை. 1956-ல் ஐ.பி.எம். கம்பெனி கொண்டுவந்த முதல் டிஸ்க் இயந்திரத்தில் ஐம்பது தட்டுகள். கொள்ளளவு 50 லட்சம் எழுத்துக்கள் என்று சாதாரண மனுஷக் கணக்கில்தான் சொன்னார்கள். பிற்காலத்தில் யாரோ வியாபாரிகள் கூடிச் சதி செய்து ஆயிரத்தைப் புகுத்தினார்கள் என்று சிலர் கதை கட்டுகிறார்கள். நாவல் எழுதுகிறவன் என்ற முறையில் எனக்கும் சதிக் கதைகள் பிடிக்கும். ஆனால் இந்தச் சதிக்கு ஆதாரம் போதாது.

இரட்டித்துப் போகும் கணக்கு நமக்கு ஒன்றும் புதிதல்ல. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு. இரண்டு உழக்கு ஓர் உரி. இரண்டு உரி ஒரு நாழி. எட்டு நாழி ஒரு குறுணி. இரண்டு குறுணி ஒரு பதக்கு. இரண்டு பதக்கு ஒரு தூணி. கம்ப்யூட்டருக்கு நெல் அளக்கத் தெரிந்திருந்தால் இப்படித்தான் அளந்திருக்கும். (மூன்று தூணி ஒரு கலம் என்று கடைசியில் யாரோ குழப்பிவிட்டார்கள். அவர் மிராசுதாராக இருக்க வேண்டும்.) இதில் கவனிக்க வேண்டியது, ஒவ்வோர் அளவுக்கும் தனிப் பெயர் இருப்பது. ஊருக்கு ஊர் படி வேறுபட்டபோதும், 'பெரிய படியா, சின்னப் படியா?' என்று கேட்டுவிட்டுத்தான் எங்கள் பாட்டி முறத்தை நீட்டுவாள். அவள் பள்ளிக்கூடம் போனவள் அல்ல.

கம்ப்யூட்டர் பண்டிதர்கள் என்ன செய்தார்கள்? அவர்களுடைய 1024-க்கு ஒரு பெயர் வேண்டியிருந்தது. புதிதாக ஒரு பெயர் வைக்கச் சோம்பல். பக்கத்தில் 'கிலோ' என்று ஒரு கிரேக்கச் சொல் இருந்தது. அதற்கு ஆயிரம் என்று பொருள். பிரெஞ்சுக்காரர்கள் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தங்கள் தசாம்ச அளவுகளுக்காக எடுத்துக்கொண்டு, பிறகு உலகம் முழுவதும் எடையிலும் தூரத்திலும் ஊன்றிவிட்ட சொல். ஆயிரத்துக்கும் ஆயிரத்து இருபத்து நாலுக்கும் என்ன பெரிய வித்தியாசம், யார் கேட்கப்போகிறார்கள் என்று அதையே எடுத்து ஒட்டிவிட்டார்கள். இரவல் வாங்கிய வேட்டியைத் தன் உயரத்துக்குக் கிழித்துக்கொண்டது போல!

அன்று வித்தியாசம் சிறிதுதான். கிலோவில் நூற்றுக்கு 2.4. ஆனால் இது வட்டிக்கு வட்டி போடுகிற கடன். மெகாவுக்குப் போனால் நூற்றுக்கு 4.9. ஜிகாவில் 7.4. டெராவில் ஏறக்குறைய 10. நாளைக்கு நாலு டி.பி. வாங்குகிறவர் 3.64-கூடத் தேறாமல் நிற்பார். அளவு பெரிதாகப் பெரிதாகப் பள்ளமும் ஆழமாகிறது. உச்சக்கட்டக் கூத்து ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒரு காலத்தில் '1.44 எம்.பி.' என்று அச்சிட்ட ஃப்ளாப்பித் தகடுகள் வந்தனவே, என் இரண்டு நாவல்கள்கூட அதில்தான் அச்சாபீஸுக்குப் போயின. அதன் கொள்ளளவு 14,74,560 பைட். ஆயிரக் கணக்கில் பார்த்தால் அது 1.47, 1024 கணக்கில் பார்த்தால் 1.41. அப்படியானால் 1.44 எங்கிருந்து வந்தது? 1024 பைட்டை ஒரு கிலோவாக்கி 1440 என்று எண்ணி, அந்த 1440-ஐ ஆயிரத்தால் வகுத்து! பாதிக்குப் பெரிய படி, பாதிக்குச் சின்னப் படி. எந்த ஊர்க் கணக்கிலும் சேராத ஓர் எண்ணைக் கோடிக்கணக்கான தகடுகளில் அச்சடித்து உலகத்துக்கு விற்றார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

இந்தச் சங்கடம் தீராத சங்கடம் அல்ல. அதைவிடக் கஷ்டமான ஒன்றை நம் ஜனங்கள் சமாளித்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். 1957 ஏப்ரல் முதல் தேதி எனக்கு எட்டு வயது. அதுவரை ரூபாய்க்குப் பதினாறு அணா, அணாவுக்கு நாலு பைசா. காலணா என்றும் சொல்வோம். ஆக ரூபாய்க்கு 64 பைசா. பாருங்கள், அதுவும் இரட்டிப்புக் கணக்குத்தான். திடீரென்று ரூபாய்க்கு நூறு பைசா என்று சர்க்கார் மாற்றியது. பழைய பைசாவும் கையில் இருக்கிறது, புதுப் பைசாவும் வருகிறது. ஓரணாவுக்கு ஆறே கால் புதுப் பைசா. அந்தக் காலை யார் கொடுப்பது என்று கடைக்குக் கடை தகராறு. ஆனால் சர்க்கார் ஒரு புத்திசாலித்தனம் செய்தது. புதுக் காசுக்கு 'நயா பைசா' என்று பெயர் வைத்தது. அது ரூபாயில் நூற்றில் ஒரு பங்கு என்று காசின் மேலேயே எழுதியும் வைத்தது. பழையது மறைந்து குழப்பம் தீர்ந்த பிறகு, 1964-ல், 'நயா'வை எடுத்துவிட்டார்கள். கீரை விற்கிற கிழவியிலிருந்து கலெக்டர் வரையில் எல்லாரும் இதைப் புரிந்துகொண்டு பிழைத்தார்கள். அந்த ஒரு சின்ன அடைமொழி ஒரு தேசத்தையே காப்பாற்றியது.

கம்ப்யூட்டர் உலகத்துக்கும் ஒரு 'நயா' கிடைக்காமல் இல்லை. 1998-ல் சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் 1024 கணக்குக்குத் தனிப் பெயர்களை அங்கீகரித்தது: கிலோவுக்குப் பதில் கிபி, மெகாவுக்குப் பதில் மெபி, ஜிகாவுக்குப் பதில் ஜிபி. (தமிழில் எழுதினால் நமக்குக் கிறிஸ்து பிறந்த சகாப்தம் ஞாபகம் வரும்; அது நம் பிராரப்தம்.) சுருக்கி எழுதும்போது நடுவில் ஓர் 'ஐ' சேர்த்தால் போதும். ஜி.பி. என்றால் நூறு கோடி, ஜி.ஐ.பி. என்றால் அந்த 107 கோடிச் சொச்சம். சர்வதேச அளவைகளின் சபையும் தன் ஏட்டில், கிலோ, மெகா முதலியவை பத்தின் மடங்குகளையே குறிக்கும், இரண்டின் மடங்குகளுக்கு அவற்றைப் பயன்படுத்தலாகாது என்று திட்டமாக எழுதி வைத்திருக்கிறது.

கேட்டார்களா? பண்டிதர்கள் சிரித்தார்கள். குழந்தை மழலை போல இருக்கிறதாம். பெயர் அழகாக இல்லை என்பதற்காகத் தவறான பெயரையே வைத்துக்கொள்வது என்ன நியாயம் என்று எனக்கு விளங்கவில்லை. லினக்ஸ் உலகத்தில் சிலர் புதிய பெயரை ஏற்றார்கள். ஆப்பிள் கம்பெனி 2009-ல் வெளியிட்ட 'ஸ்நோ லெப்பர்டு' பதிப்பிலிருந்து திரையையே ஆயிரக் கணக்குக்கு மாற்றிவிட்டது. அந்த யந்திரத்தில் ஒரு டி.பி. டிஸ்க் ஒரு டி.பி. என்றே தெரியும். உலகத்தில் மிகப் பெரும்பாலோர் மேஜையில் இருக்கும் விண்டோஸ் மட்டும் 1024-ஆல் வகுத்துவிட்டு, பக்கத்தில் கூசாமல் ஜி.பி. என்றே எழுதுகிறது. வகுப்பது தவறு என்று நான் சொல்லவில்லை. 'ஐ' எங்கே? அந்த ஒற்றை எழுத்தைச் சேர்க்க இத்தனை வருஷமா? தமிழில் ஒரு புள்ளி விட்டுப்போனால் பத்திரிகை ஆசிரியர் எங்களைத் தூக்கிலே போடுகிறார். இவர்களுக்குப் புரூஃப் திருத்த ஆள் இல்லையா?

டிஸ்க் கம்பெனிகளை நான் விட்டுவிடப் போவதில்லை. அவர்கள் அளவு சரி, மௌனம் சரியல்ல. வாங்குகிறவன் வீட்டுத் திரையில் 931 என்றுதான் வரும் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும், பெட்டியின் அடிப் பக்கத்தில் பூதக்கண்ணாடிக்கு மட்டும் புலப்படும் எழுத்தில் '1 ஜி.பி. என்றால் நூறு கோடி பைட்' என்று போட்டுவிட்டுக் கைகட்டி நிற்கிறார்கள். சத்தியத்தை இத்தனை சிறிய எழுத்தில் அச்சிடுகிறவன், அது படிக்கப்படக் கூடாது என்று பிரார்த்தித்துக்கொண்டே அச்சிடுகிறான். அமெரிக்காவில் இவர்கள் கோர்ட்டுக்கும் இழுக்கப்பட்டார்கள். வெஸ்டர்ன் டிஜிட்டல் கம்பெனி 2006-ல் சமாதானமாகப் போய், வழக்கில் சேர்ந்த வாடிக்கையாளர்களுக்கு இலவசமாக ஒரு மென்பொருள் கொடுத்தது. குற்றத்தை மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. ரொட்டி சுடுகிறவர்களில் சிலர் டஜனுக்குப் பதின்மூன்று எண்ணுகிறார்கள் என்பதற்காகப் பன்னிரண்டு முட்டைப் பெட்டிக்காரன்மேல் வழக்குப் போடலாமா என்பது அதன் வாதம். நல்ல வாதம்தான், ஆனால் எல்லா வீட்டிலும் ரொட்டிக்காரனே முட்டையை எண்ணுகிறான் என்று தெரிந்த முட்டைக்காரன் அதைச் சொல்லக் கூடாது. சீகேட் கம்பெனி 2007-ல் நூற்றுக்கு 5 திருப்பித் தரவோ மென்பொருள் தரவோ இசைந்தது. சான்டிஸ்க்மீது கலிபோர்னியாவில் வந்த வழக்கையோ, லேபிளிலேயே கணக்குப் போட்டிருக்கிறதே என்று 2020-ல் நீதிபதி தள்ளிவிட்டார். சட்டப்படி அவர் சொன்னது சரியாகவே இருக்கலாம். ஆனால் லேபிள் ஒன்று சொல்கிறது, திரை ஒன்று சொல்கிறது, இரண்டும் ஜி.பி. என்றே சொல்கின்றன. நடுவில் நிற்கிறவன் எதை நம்புவது? அந்தக் கேள்வி கோர்ட்டுக்கு வரவே இல்லை. திரைக்காரர் அந்த வழக்கில் பிரதிவாதியே அல்ல.

"ஐயா, இதில் யாருக்கு என்ன நஷ்டம்? கொடுத்த காசுக்குச் சரக்கு வந்துவிட்டது. பெயரில் என்ன இருக்கிறது?" என்று என் வயதுக்காரர் ஒருவர் கேட்டார். பெயரில் என்ன இருக்கிறது என்பதை என் நண்பரிடம் போய்க் கேட்க வேண்டும்.

948 ஜி.பி. 931-ல் அடங்கவில்லை அல்லவா? 17 ஜி.பி. மிஞ்சியது. எதை விடுவது என்று அவர் இரண்டு நாள் யோசித்தார். இசைத்தட்டுக்கள் வேறு யாரிடமாவது இருக்கும், இருந்தாலும் விட மனமில்லை. கடைசியில், 1980-களில் அவரே ஒரு கிராமத்துக்குப் போய், மூன்று இரவுகள் விடிய விடிய உட்கார்ந்து பதிவு செய்த தெருக்கூத்தை எடுத்து ஒதுக்கி வைத்தார். ஏறக்குறைய 28 மணி நேரம். "இதைக் கேட்க யார் அவசரப்படப் போகிறார்கள்? அடுத்த மாதம் இன்னொரு டிஸ்க் வாங்கிப் போட்டுக்கொள்ளலாம்" என்றார். அது இருந்த பழைய டிஸ்க் அடுத்த மாதம் வரை காத்திருக்கவில்லை. ஒருநாள் பல்லி கொட்டுவது போல டிக் டிக் என்று சத்தம் போட்டுவிட்டு நின்றுவிட்டது. காஸெட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றிய கையோடு பூசணம் பூத்துவிட்டதென்று அவர் எப்போதோ எறிந்துவிட்டார். அந்தக் கூத்து வாத்தியார் இறந்து வெகு காலமாகிறது.

இதற்குக் கம்பெனிதான் பொறுப்பு என்று நான் சொல்லவில்லை. பெரியதாக வாங்கியிருக்கலாம்; ஒதுக்கி வைத்ததற்கு அன்றைக்கே வேறு பிரதி எடுத்திருக்கலாம். எங்கள் அசட்டையை நாங்கள் அறிவோம். ஆனால் அவர் கூட்டிய கணக்கில் தவறில்லை. பெட்டியில் போட்டிருந்த கணக்கிலும் தவறில்லை. சரியான இரண்டு கணக்குகளை நம்பி ஒரு மனிதர் மூன்று இரவுகளைத் தோற்றார். இரண்டும் ஒரே பெயரில் நடமாடியதால் தோற்றார். திரையில் 948-க்குப் பக்கத்தில் அந்த 'ஐ' இருந்திருந்தால், 'இது என்ன புது மாதிரி?' என்று ஒரு நிமிஷம் தயங்கியிருப்பார். மாடிப் பெண்ணைக் கேட்டிருப்பார். அவள், "தாத்தா, உங்கள் சரக்கு பெட்டிக் கணக்கில் ஆயிரத்துப் பதினெட்டு. ஒரு டி.பி. போதாது" என்று சொல்லியிருப்பாள்.

போன வாரம் மறுபடி ரிச்சி தெருவுக்குப் போனேன். அதே பையன் கல்லாவில் இருந்தான். மன்னிப்புக் கேட்பதற்காக வாசகங்களை மனசில் கோத்துக்கொண்டு போயிருந்தேன். நாவலில் எழுதினால் அரைப் பக்கம் வரும். "தம்பி, அன்றைக்கு நான் உன்னைத் திருடன் என்று சொன்னேன்..." என்று ஆரம்பித்தேன்.

அவன் என் முகத்தைப் பார்த்தான். ஞாபகம் வரவில்லை. "நீங்களா சார்? தினம் நாலு பேர் சொல்றாங்க சார்" என்றான்.

இரண்டு டி.பி. ஒன்று கேட்டேன். எடுத்து மேஜைமேல் வைத்து, பில் போடும் முன்னால், "இது 1.81தான் காட்டும் சார். அப்புறம் வந்து சண்டை போடக் கூடாது" என்றான்.